கருப்பட்டி போட்ட கேரட் பால்

ரப்பர் மரத்தில் பட்டையைச் சீவும்போது கத்தி உள்ளே இருக்கிற கட்டையில், எங்கள் பேச்சில் தடியில், தட்டினால் கைக்குத் தெரிந்துவிடும். அப்படித் தட்டக் கூடாது. தட்டின இடம் புண்ணாகி முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அந்த இடத்தில் கத்தி ஓடாது, பாலும் சரியாக வராது. பேச்சிப்பாறைக்குப் போகிற வழியில் ஒரு தோட்டத்தில் நான் பால் வெட்டுகிறேன். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. அதில் இருந்து இந்த வேலைதான்.

போன வருடம் மழை விட்டு வெட்டு தொடங்கின சமயம், அடுத்தடுத்து பல மரங்களில் கத்தி தடியில் தட்டியது. கத்தியில் கோளாறு என்று நினைத்துச் சாணை பிடித்தேன். மறுபடியும் தட்டியது. தலையில் கட்டுகிற லைட்டுக்கு பேட்டரி மாற்றினேன். அதற்குப் பிறகும் தட்டியது. ஒருநாள் விடிந்த பிறகு வலது கண்ணில் தூசி விழுந்தது. அதைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் பார்த்தேன். ஈர விறகு புகைகிற அடுக்களைக்குள் நிற்பது போல இருந்தது. மரம் நிற்பது தெரிந்தது. அதில் நான் வெட்டின கோடு தெரியவில்லை.

வீட்டில் சொல்லவில்லை. சாயா கிளாஸை எடுக்கக் கை நீட்டினேன். கிளாஸுக்குப் பக்கத்தில் வெறும் தரையைத் தொட்டேன். மனைவி பார்த்துவிட்டாள்.

"கிளாஸு இஞ்ச இருக்கு. அங்க என்னத்த தடவுதிய?"

பிறகு மறைக்க முடியவில்லை.

மார்த்தாண்டத்தில் ஒரு கண்ணாஸ்பத்திரிக்குப் போனோம். சின்ன வயது டாக்டரம்மா. எனக்குச் சுகர் வந்து வெகு காலமாகிறது. மாத்திரை தின்கிறேன், சில நாள் மறந்தும் போவேன். சுகர் கண்ணுக்குள் நரம்பைக் கெடுத்து, இடது கண்ணில் ரத்தம் கசிந்திருக்கிறது என்றாள். அதில் இனி பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. வலது கண்ணிலும் வீக்கம் தொடங்கியாயிற்று. அதற்கு மாதா மாதம் கண்ணுக்குள் ஊசி போட வேண்டும். சுகரைக் குறைக்க வேண்டும். குறைக்காவிட்டால் ஊசி போட்டும் பிரயோஜனம் இல்லை, இந்தக் கண்ணும் போய்விடும். இதைத் தெளிவாகத்தான் சொன்னாள்.

"சீனி வீட்டுக்குள்ள வாறதே இல்ல, டாக்டரம்மா" என்றாள் மனைவி. அது உண்மை. பல வருடமாக நான் குடிப்பது பாலும் சீனியும் போடாத கட்டன் சாயா. நாக்கு மரத்துப் போயிருந்தது.

கண்ணில் ஊசி போடுவார்கள் என்றால் முதலில் பயமாக இருக்கும். மருந்து ஊற்றி மரத்துப்போக வைப்பார்கள். வலிக்காது என்பார்கள். வலிக்கும். போட்டுக்கொண்டு வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தக்கலையில் இருந்து மனைவியின் தங்கச்சி வந்தாள். கையில் ஒரு பை நிறைய கேரட். அவள் போனில் வருவதையெல்லாம் பார்க்கிறவள்.

"அக்கா, அத்தானுக்கு கண்ணுக்க சத்து போச்சு. அதான் காரியம். கேரட்ட பச்சையா அரச்சு பால் எடுத்துக் குடு. தேங்காப்பால் சேத்தாதான் கண்ணுல பிடிக்குமாம். முருங்கை எல அவிச்ச தண்ணி குடு. செந்துளுவன் பழம் குடு."

"இதெல்லாம் குடிச்சா போன கண்ணு வருமாட்டி?" என்று நான் கேட்டேன்.

"வருதோ வரலியோ, இருக்கது போவாதுல்லா அத்தான்."

சொல்லிவிட்டுப் பையை அடுக்களையில் கொண்டு வைத்தாள்.

மறுநாள் தொடங்கியது. நான் விடியும் முன்னே தோட்டத்துக்குப் போய், ரப்பர் பாலை எடுத்து ஷீட்டுக்கு உறை ஊற்றிவிட்டு ஒன்பது ஒன்பதரைக்கு வருவேன். அந்த நேரத்துக்கு மிக்சி ஓடும். கேரட்டும் தேங்காயும் அரைத்து துணியில் பிழிந்து ஏலக்காய் தட்டிப் போட்டு ஒரு பெரிய கிளாஸில் தருவாள். மத்தியானம் உச்சை கழிந்து நெல்லிக்காய்த் தண்ணீர். சாயங்காலம் முருங்கை இலையும் சீரகமும் அவித்த தண்ணீர். சில நாள் பொன்னாங்கண்ணிக் கீரையை அரைத்துப் பிழிந்து தருவாள். செந்துளுவன் பழத்தைப் பாலில் அடித்துத் தருவாள். சிவந்த தோலுள்ள அந்த வாழைப்பழம் கண்ணுக்கு நல்லது என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள்.

முதல் நாள் கீரைச் சாறு வாயில் வைக்க முடியவில்லை. குளத்துத் தண்ணீர் போல இருந்தது. பாதியில் வைத்துவிட்டேன். மறுநாள் முதல் எல்லாவற்றிலும் கருப்பட்டி தட்டிப் போட்டாள்.

"மருந்து மாதிரி இருந்தா மனுசன் குடிப்பானா" என்றாள்.

எங்கள் ஊரில் சீனி வேறு, கருப்பட்டி வேறு. கருப்பட்டி பனையில் இருந்து வருகிறது. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்போம், பால்குடி மறந்த பிள்ளைக்குக் கொடுப்போம். கல்யாண வீட்டில்கூட சுகர் உள்ளவர்களுக்கு என்று கருப்பட்டிக் காப்பி தனியாகப் போட்டு வைத்திருப்பார்கள். கேட்டு வாங்கிக் குடிப்பார்கள். கலப்படம் இல்லாததாகக் கிடைக்க வேண்டும் என்பதுதான் எல்லோருக்கும் கவலை. அதற்காக அவள் பஸ் ஏறி குழித்துறைச் சந்தைக்குப் போவாள். உடைத்துப் பார்த்து, நாக்கில் வைத்துப் பார்த்து வாங்குவாள்.

எனக்கு அது பிடித்துப் போனது. எவ்வளவோ காலத்துக்குப் பிறகு இனிப்பு. வேலை முடிந்து வரும்போது உடம்பு தளர்ந்து போயிருக்கும். கால் இரண்டும் கெஞ்சும். அந்தக் கிளாஸ் உள்ளே போனால் கொஞ்சம் எழுந்து உட்காரலாம். சட்டியில் மீதி உண்டா என்று கேட்டு, வழித்துக் குடிப்பேன். நான் கேட்டுக் குடிப்பதைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷம்.

பக்கத்துத் தோட்டத்தில் வெட்டுகிறவர் ஒருவர் கேலி செய்வார். "ஓய், உம்ம வீட்டு முருங்கையில இலைன்னு ஒண்ணு இல்ல. கம்புதான் நிக்குது. கண்ணு தெளிஞ்சிருந்தா அத போய் பாரும்."

"பாத்தேன். உம்ம வீட்டு முருங்கையிலதான் இப்ப எனக்க வீட்டுக்காரி பறிக்கா" என்றேன்.

"அதான் எனக்க வீட்டுல கறி இல்லையா?"

கண் தெளியவில்லை. கத்தி இன்னும் தடியில் தட்டிக்கொண்டுதான் இருந்தது. முதலாளி ஒருநாள் மரம் மரமாக நடந்து பார்த்தார். திட்டவில்லை. ஒரு மரத்தில் புண்ணைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "இனி இஞ்ச வெட்டாண்டாம். மேல் தட்டுல பழைய மரத்த வெட்டு" என்றார்.

தோட்டச் சரிவின் மேல் தட்டில் உள்ளவை வயதான மரங்கள். முறித்து விறகுக்குக் கொடுக்கப்போகிறவை. எப்படிக் கொத்தினாலும் கேட்பாரில்லை. அங்கே விடுவது தயவுதான். எனக்குத் தெரியும். சரி என்றேன்.

அதை வீட்டில் அவளிடம் சொன்னேன். மறுநாள் கிளாஸ் இன்னும் பெரிதாக இருந்தது.

மூன்றாவது ஊசிக்குப் போனபோது ரத்தமும் எடுத்தார்கள். டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் காகிதத்தைப் பார்த்தாள்.

"சுகர் கூடியிருக்கே. முன்னால உள்ளதவிட கூடுதல். மாத்திரை ஒழுங்கா சாப்பிடுதீங்களா?"

"இவதான் எடுத்துத் தாறா. இப்ப ஒரு நேரம் தப்புகதில்ல" என்றேன்.

"பின்ன என்ன சாப்பிடுதீங்க?"

மனைவி முன்னால் வந்தாள். இதற்காகவே காத்திருந்தவள் போலச் சொன்னாள். கேரட் பால், நெல்லிக்காய், முருங்கையிலை, பொன்னாங்கண்ணி, செந்துளுவன். எந்தெந்த நேரத்துக்கு எது என்று சொன்னாள்.

"நல்லதுதான்" என்றாள் டாக்டரம்மா. "கசப்பா இருக்குமே. எப்படிக் குடிக்காரு?"

"கருப்பட்டி போட்டுத்தான் குடுப்பேன். நல்ல கருப்பட்டி. கருப்பட்டி சுகர் ஏத்தாதுல்லா?"

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தாள்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு போடுவீங்க?"

மனைவி உள்ளங்கையைக் குவித்துக் காட்டினாள். காட்டிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. கை மெதுவாகக் கீழே வந்தது.

"எங்க அம்மையும் இதத்தான் சொல்லுவா. எனக்க அப்பாக்கு கருப்பட்டி காப்பி குடுத்துட்டு, சீனி இல்லன்னு என்கிட்ட சொல்லுவா. நான் டாக்டருன்னு அவ கேக்கதில்ல" என்றாள் டாக்டரம்மா. "சீனியும் கருப்பட்டியும் ரத்தத்துல போனா ஒண்ணுதான் அம்மா. கேரட்டும் கீரையும் நல்ல சாப்பாடு. சாப்பாடா சாப்பிடணும். ஆனா இந்தக் கண்ணுக்கு மருந்து அதில்ல. சுகர் கொறையணும்."

"வலது கண்ணு?" என்று கேட்டாள் மனைவி.

"வீக்கம் கொறையல. இனியும் சுகர் இப்படியே இருந்தா கஷ்டம்."

பஸ்ஸில் அவள் என்னோடு உட்காரவில்லை. பெண்கள் பக்கம் போய் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தாள். இறங்கின பிறகு முன்னால் நடந்தாள். வீட்டுக்குப் போனதும் கருப்பட்டி இருந்த டப்பாவை எடுத்துக்கொண்டு போய் தென்னை மரத்தடி மூட்டில் கொட்டினாள். மிக்சியைக் கழுவித் துடைத்து பரணில் ஏற்றினாள்.

பிறகு சில நாள் எனக்கு ஒன்றும் தர அவளுக்குக் கை வரவில்லை. கஞ்சி ஊற்றினால் "இது குடுக்கலாமா" என்று கேட்பாள். யாரிடம் கேட்கிறாள் என்று தெரியாது. அவளும் சரியாகச் சாப்பிடவில்லை. தங்கச்சியின் போன் அடித்தால் எடுக்கவில்லை.

ஒரு காலையில் நான் தோட்டத்தில் இருந்து வந்தபோது அடுக்களையில் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"எனக்க கையாலதான் உங்க கண்ண எடுத்துப்போட்டேன்" என்றாள்.

"இடது கண்ணு நீ கேரட்டு வாங்கதுக்கு முன்னால போனது."

"வலது?"

தலை லைட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

"நீ ஒரு கிளாஸுதான் தந்த. சட்டிய வழிச்சுக் குடிச்சது நான்."

"நான் போடாம இருந்தா வழிச்சிருப்பியளா?"

அதுவும் சரிதான். நான் கிணற்றடிக்குப் போய் கையைக் கழுவினேன். ரப்பர் பால் கையில் ஒட்டினால் சீக்கிரம் போகாது. உரித்து உரித்து எடுக்க வேண்டும். அதைச் செய்துகொண்டே, "முருங்கை எல இருக்கா?" என்று கேட்டேன்.

"எதுக்கு?"

"குடிக்க."

"இனிப்பு கெடையாது."

"உப்பு உண்டுல்லா?"

அவள் வெகு நேரம் கழித்து எழுந்தாள். உப்பும் நல்லமிளகும் போட்டு அவித்துத் தந்தாள். அந்தக் கீரைச் சாற்றின் குளத்துத் தண்ணீர் ருசி இதிலும் இருந்தது, மிளகு எரிந்தது. குடித்தேன். அவள் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது கேரட் பொரியலாகத்தான் வருகிறது. நெல்லிக்காயை உப்பு போட்டு மோரில் அரைத்துத் தருகிறாள். செந்துளுவன் இல்லை. சோறும் மரவள்ளி என்கிற மரச்சீனிக் கிழங்கும் குறைந்துவிட்டன. உடம்பு பழைய மாதிரி ஓடவில்லை. வெளிச்சம் வந்த பிறகுதான் மேல் தட்டுக்கு ஏறுகிறேன். வெயில் ஏறினால் பால் குறையும். குறைந்தால் கூலியும் குறையும். முதலாளி இதுவரை ஒன்றும் கேட்கவில்லை.

ஊசி தொடர்ந்து போட்டு வருகிறேன். போன தடவை சுகர் இறங்கியிருந்தது. போர்டில் உள்ள எழுத்தைப் படிக்கச் சொன்னார்கள். முந்தின தடவை எந்த வரி வரை படித்தேனோ அந்த வரி வரை படித்தேன். அதற்குக் கீழே தெரியவில்லை.

"நிக்குது. அப்படியே நிக்குது" என்றாள் டாக்டரம்மா.

"இன்னும் தெளியுமா?" என்று மனைவி கேட்டாள்.

"தெளியாது அம்மா. இருக்கத காப்பாத்தணும். அதுக்கு விடாம வரணும்."

மனைவி தலையாட்டினாள். அன்று பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள்.

இரண்டு நாள் கழித்து தங்கச்சி வந்தாள். அக்கா போன் எடுக்காததில் அவளுக்கு வருத்தம் இருந்தது. ஆனாலும் ஒரு பாட்டில் கொண்டுவந்தாள். நெல்லிக்காயைத் தேனில் ஊறப்போட்டது. காலையில் ஒரு கரண்டி எடுத்து வெந்நீரில் கலக்கிக் குடிக்க வேண்டுமாம்.

"இனிப்புக்கு என்ன?" என்று மனைவி கேட்டாள்.

"தேன்தான் அக்கா. மலைத்தேன். தேன் சுகருக்கு ஒண்ணும் செய்யாது."

"ஒண்ணும் செய்யாதுன்னு இனி எங்கிட்ட ஒண்ணையும் சொல்லாத."

"நல்லதுக்குத்தான் அக்கா கொண்டாந்தேன்."

"நானும் நல்லதுக்குத்தான் குடுத்தேன். எடுத்துட்டுப் போ."

தங்கச்சியின் முகம் வாடிவிட்டது. சாயா குடிக்காமல் கிளம்பினாள். பாட்டிலைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். மனைவி வாசல் வரை போனாள், ஆனால் கூப்பிடவில்லை.

"கோவிச்சிட்டுப் போறா" என்றேன்.

"போட்டும். ரெண்டு நாள் கழிஞ்சா அவளே போன்ல விளிப்பா."

உள்ளே வந்து மோரை ஊற்றித் தந்தாள். அன்று ரொம்பப் புளித்திருந்தது. குடித்துவிட்டு கிளாஸைக் கொடுத்தேன். வருகிற செவ்வாய்க்கிழமை அடுத்த ஊசி. முதல் பஸ்ஸுக்குப் போகலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.