காகிதம் ஒட்டாத இயந்திரம்

பல்கலைக்கழகத்தில் அவருக்குப் 'பொத்தான் மேடம்' என்றுதான் பெயர். வடிவமைப்புத் துறைப் பேராசிரியர். மனிதர்களும் கணினிகளும் எப்படிப் பழகிக்கொள்கிறார்கள் என்பது அவருடைய ஆராய்ச்சி. லிஃப்டில் ஒருவர் தவறான பொத்தானை அமுக்கினால் மற்றவர்கள் அவரை முறைப்பார்கள். பொத்தான் மேடம் லிஃப்டை முறைப்பார். ஒரு பொருளைப் பயன்படுத்தும் விதத்தை எழுதி ஒட்ட வேண்டியிருந்தால் செய்தவர் தோற்றுவிட்டார் என்பது அவர் கட்சி. பன்னிரண்டு வருடமாக இதையே பாடம் நடத்தி, போகிற இடமெல்லாம் அப்படி ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

கிழித்ததைத் திரும்ப ஒட்டவும் ஒருவர் இருந்தார். பல்கலைக்கழக மருத்துவமனையின் உதவியாளர். சட்டைப் பையில் எப்போதும் செல்லோடேப். குழாயில் 'திருகவும்', கதவில் 'தள்ளவும்', ஜன்னலில் 'இது கவுண்டர் அல்ல'.

அந்த மருத்துவமனைக்குத்தான் பொத்தான் மேடம் டோக்கன் இயந்திரம் செய்து கொடுத்தார். திரையில் ஒரே ஒரு பெரிய வட்டம். அமுக்கினால் டோக்கன் வரும்.

"அஞ்சு நாள், அண்ணே. எதையும் ஒட்டிடாதீங்க."

"ஒட்டலைன்னா எல்லாரும் என்னைத்தான் கேப்பாங்க மேடம்."

"அப்படி ஆச்சுன்னா என் கையாலயே எழுதி ஒட்டறேன்."

பக்கத்தில் இருந்த தலைமை மருத்துவர் இதைக் கேட்டுவிட்டார். காகிதமே தேவைப்படாவிட்டால் எல்லாப் பிரிவுகளுக்கும் இதே இயந்திரம், இல்லையென்றால் பழைய மின்விசிறிகளோடு ஸ்டோர் ரூமுக்கு என்று சொல்லிவிட்டார்.

மேடம் நோட்டுப் புத்தகத்தோடு தூணுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கவனிப்பவர் வாய் திறக்கக் கூடாது, உதவக் கூடாது. அவர் துறையின் சட்டம் அது. வீட்டிலும் அப்படித்தான். புது வாஷிங் மெஷினோடு கணவர் இருபது நிமிடம் மல்லுக்கட்டியபோது பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். "நீ பொண்டாட்டியா, பரீட்சை ஹால் சூப்பர்வைசரா?" என்று கேட்டார் அவர். மேடம் அதையும் குறித்துக்கொண்டார்.

நான்கு நாள் எல்லாம் நன்றாகவே போயிற்று. வந்தவர்கள் மாணவர்கள். பாதிப் பேர் மேடத்தின் சோதனைக்கூடத்திலேயே அந்த வட்டத்தை அமுக்கிப் பழகியவர்கள்.

ஐந்தாம் நாள் ஓய்வுபெற்ற ஊழியர்களுக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் நாள். வரிசையின் முதல் ஆளாக, அதே பல்கலைக்கழக அலுவலகத்தில் ஓய்வுபெற்ற மேடத்தின் அக்கா நின்றார். வட்டத்தை அமுக்கினார். தொங்கும் கை தானாகத் தொடும் இடம் என்று மேடம் தொடை உயரத்தில் வைத்திருந்த தட்டில் டோக்கன் விழுந்தது. அக்காவின் கண் திரையிலேயே இருந்தது. மறுபடி அமுக்கினார். மறுபடியும்.

அப்போதுதான் தூணுக்குப் பின்னால் தங்கையைப் பார்த்தார்.

"ஏண்டி, அங்க என்ன எழுதிட்டிருக்க? வந்து இதைப் பாரேன்."

மேடம் முடியாது என்று தலையாட்டினார்.

"தலையை ஆட்டறா பாரு. படிக்கப் படிக்க வாயே போயிடுச்சு இவளுக்கு."

கோபத்தில் இன்னும் வேகமாக அமுக்கினார். கைப்பை நழுவி விழ, எடுக்கக் குனிந்தவர் தட்டில் பத்தொன்பது டோக்கன்களைப் பார்த்தார்.

அதன்பிறகு இயந்திரத்துக்கு வேலையே இல்லை. அக்கா ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டு பின்னால் நின்றவர்களுக்கு வரிசையாகக் கொடுத்தார். தீர்ந்ததும் தானே அமுக்கி, தானே குனிந்து எடுத்தார். "நெட்டையா இருக்கறவரே, தள்ளாதீங்க. உங்களுக்கு இருபத்தேழாம் நம்பர்." தன் முறை வந்ததும் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து அதே இடத்தில் நின்றார். வரிசை அவ்வளவு ஒழுங்காக என்றைக்கும் நகர்ந்ததில்லை.

மதியம் தலைமை மருத்துவர் வந்தார். "காகிதமும் இல்லை, கூச்சலும் இல்லை. ஜெயிச்சுட்டீங்க மேடம்."

உதவியாளர் முகம் தொங்கிப்போயிற்று. அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை என்பதும் உண்மைதான். மேடம் சும்மா இருந்திருக்கலாம். நோட்டைப் பார்த்தார். 'ஒரே ஆள், பத்தொன்பது முறை' என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது.

"ஜெயிக்கலை டாக்டர். காகிதம் அங்க நிக்குது," என்று அக்காவைக் காட்டினார்.

"யாரைடி காகிதம்ங்கற?" என்றார் அக்கா.

நடந்ததைக் கேட்டுச் சிரித்து முடித்த மருத்துவர், ஸ்டோர் ரூம் பேச்சை விட்டுவிட்டார். தட்டைக் கண்ணில் படும் உயரத்துக்கு மாற்றும்வரை எழுதி ஒட்டினால் போதும் என்றார்.

'டோக்கன் கீழே விழும். குனிந்து பார்க்கவும்' என்று மேடம் எழுதினார். உதவியாளர் டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்து நீட்டினார். காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எழுத்து சின்னதா இருக்கு மேடம். இது யார் கண்ணுக்கும் தெரியாது."

மேடம் அதை முதலில் நோட்டில் குறித்துக்கொண்டார். பிறகு காகிதத்தைத் திருப்பிப் போட்டு, பெரிதாக எழுத ஆரம்பித்தார்.