கடலுக்குத் தெர்மாமீற்றர் வைத்த காலம்

கடலுக்குக் காய்ச்சல் பார்ப்பதும் ஓர் உத்தியோகமா என்று நீங்கள் சிரிப்பீர்கள்; அந்த உத்தியோகத்துக்கு நான் சம்பளம் வாங்கியிருக்கிறேன். திருகோணமலைத் துறைமுக வாயிலைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்திலேயே கடல் பாதாளத்துக்கு இறங்கிவிடும். மேலே வெதுவெதுப்பு, அடியில் குளிர். மேல்நீரின் சூட்டில் அமோனியாவைக் கொதிக்கவைத்து, அந்த ஆவியால் சக்கரத்தைச் சுற்றி மின்சாரம் எடுக்கலாம், அடிநீரின் குளிர் ஆவியை மறுபடி திரவமாக்கும் என்று கொழும்பில் யாரோ கணக்குப் போட்டார்கள். அந்தக் குளிரை அளக்க என்னை அனுப்பினார்கள். அனுமதிப் பாஸுக்கும் சென்றிக் காவலரணுக்கும் வரிசையில் நின்றே ஆயுளில் பாதியைத் தொலைத்தவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சென்றியில் ஒரு பித்தளைக் குழாய்

என் கருவி ஒரு முழ நீளப் பித்தளைக் குழாய். கம்பியில் கட்டி இறக்கினால் அடிநீரை அடைத்துக்கொண்டு, உள்ளே தெர்மாமீற்றரோடு மேலே வரும். போர் நடந்த அந்த நாட்களில் இப்படி ஒரு சாமானைக் கையில் வைத்துக்கொண்டு கடற்கரைச் சென்றியைக் கடப்பது எப்படியென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. முதல் நாள் இரண்டு மணித்தியாலம் வெயிலில் குந்த வைத்தார்கள். அரசாங்கக் கச்சேரி தந்த கடிதத்தைக் காட்டி, கடலிலிருந்து கரண்ட் எடுக்கப் போகிறோம் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினேன். கடற்படைச் சிப்பாய் குழாயைக் குலுக்கினார், காதில் வைத்துக் கேட்டார், கடைசியில் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: "கடல்ல கரண்ட் இருந்தா, மீன் எல்லாம் ஏன் சாகல்ல?"

ஐஸ்

எங்களுக்கு வாடகைக்கு வந்த வள்ளம் மரியதாஸ் அண்ணையுடையது. என்னைவிட மூத்தவர், ஆனாலும் நான் உத்தியோகத்தன் என்று 'சேர்' போட்டுத்தான் கதைப்பார். முதன்முதல் மேலே வந்த அடிநீரில் கைவைத்தவர் சட்டென்று இழுத்துக்கொண்டார். இதிலிருந்து மின்சாரம் வந்தால் ஆஸ்பத்திரிக்கு வெளிச்சம், பள்ளிக்கூடத்துக்கு வெளிச்சம் என்று நான் பெரிய பிரசங்கமே வைத்தேன். கரண்ட் இல்லாமல் ஐஸ் பக்டரி மூடிக் கிடந்த காலம் அது. அண்ணை பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கரண்ட் ஆறுதலா வரட்டும், சேர். இந்தத் தண்ணியை மட்டும் கரைக்குக் கொண்டுவர ஏலுமெண்டா எங்கட மீன் பழுதாகாது."

ஒரு வள்ளத்துக்கு முப்பது பேர்

பிறகு மீன்பிடிக்குத் தடை வந்தது. வள்ளங்கள் எல்லாம் மணலில் கவிழ்ந்து கிடந்தன. அளவெடுக்கவென்று பாஸ் இருந்ததால் எங்கள் வள்ளம் மட்டும் போய்வந்தது. குழாய் இறங்கி ஏற முக்கால் மணித்தியாலம் எடுக்கும். அந்த நேரத்தில் மறுபக்கத்தில் அண்ணையின் கைத்தூண்டிலும் இறங்கும். நான் என் கம்பியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன். சென்றியில் நின்றவரும் கண்டும் காணாதவர்போல் இருந்தார்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. வள்ளத்தைக் கரையேற்றக் கைகொடுத்தவருக்குக் கறிக்கு மீன் கொடுக்கவேண்டும். எங்கள் வள்ளத்துக்கு ஆறு பேர் தாராளம். முதல் கிழமை பத்துப் பேர் வந்தார்கள். ஒரு மாதத்தில் முப்பது. வள்ளத்தில் பிடிக்க இடமில்லாதவர்கள் முன்னால் நின்றவரின் முதுகைப் பிடித்துத் தள்ளினார்கள். அண்ணை ஒருவரையும் வெறுங்கையோடு விடமாட்டார். மீன் போதாவிட்டால் துண்டு போடுவார், துண்டும் போதாவிட்டால் தன் வீட்டுப் பங்கைக் கொடுப்பார். ஒருநாள் வரிசையின் கடைசியில் தபாற்கந்தோரில் கிளாக்கராக இருந்தவர் நின்றார். கடலில் காலே நனைத்திராத மனுசன். அவரைக் கண்டதும் எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது. துண்டை வாங்கிக்கொண்டு என்னிடம் மெல்லச் சொன்னார்: "சும்மா வாங்கேல்ல, தம்பி. நானும் ஒரு கை பிடிச்சனான்."

ஒரே குளிர்

இந்த முறையின் பெருமையே அடிநீர் மாறாததுதான். சோழகக் காற்றோ வாடைக் காற்றோ, அடியில் என்றும் ஒரே குளிர். அதனால் மின்சாரமும் நிற்காமல் வரும். எனக்கு அந்தப் பெருமையே வினையாக வந்து சேர்ந்தது. எல்லா அளவும் ஒன்றாகவே இருக்கிறது, கடைசியாக ஒருமுறை அளந்துவிட்டு வேலையை முடியுங்கள் என்று கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. வேலை முடிந்தால் பாஸ் முடியும். பாஸ் முடிந்தால் அந்த முப்பது பேரும் எதைப் பிடித்துத் தள்ளுவார்கள்?

கடைசி நாளும் அதே குளிர்தான். அளவுக் கொப்பியைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டேன். அந்தத் திட்டத்தை நான் மனசார நம்பியவன். இருண்டு கிடந்த ஊருக்கு இந்தக் கடல்தான் வெளிச்சம் தரப்போகிறது என்று வீட்டிலும் கடையிலும் கதைத்துத் திரிந்தவன். அப்படியிருந்தும் ஐந்து பாகை கூட்டி எழுதினேன். ஒவ்வொரு நாளும் என் தோளுக்கு மேலால் தெர்மாமீற்றரைப் பார்க்கிறவர் அண்ணை. அன்றைக்கு அதையும் பார்த்தார், கொப்பியையும் பார்த்தார். பிறகு தூண்டில் நூலைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "எனக்குக் கிட்டப் பார்வை சரியில்ல, சேர். நீங்கள் எழுதுங்கோ."

அளவில் சந்தேகம் இருக்கிறது, இன்னும் ஒரு வருடம் அளக்கவும் என்று மறுமொழி வந்தது. அந்த வருடமும் முடிந்தபின், அந்த ஐந்து பாகைச் சந்தேகம் தீராத திட்டத்தைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. திருகோணமலைக் கடலிலிருந்து இன்றுவரை ஒரு பல்புக்கும் மின்சாரம் எடுக்காததற்கு எல்லோரும் போரைத்தான் குற்றம் சொல்கிறார்கள், நானும் அவர்களோடு சேர்ந்து தலையாட்டுகிறேன்.