அலைமேல் நின்ற அம்மப்பா

சுவரில் மாலை போட்ட படம் தொங்கினால் அதில் இருப்பவர் செத்துப்போனவர். ஊரைவிட்டு வெளிநாடு வந்த எங்கள் மோர்னிங்சைட் வீட்டில் இது எட்டு வயதுக்காரியான எனக்கே தெரிந்த சட்டம். ஆகவே மாமாவின் நிலக்கீழ் பேஸ்மன்ற் அறைச் சுவரில், கழுத்து நிறையப் பூமாலையோடு, ஆளுயரப் பலகைக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்ற கறுத்த மனிதரைக் கண்டதும் ஆள் யாரென்று பிடித்துவிட்டேன்.

“மாமா, இவர்தான் அம்மப்பாவோ?”

அம்மப்பாவின் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. ஊரில் கடல் வீட்டுக்குள் வந்த காலையில் அவரும் படங்களும் ஒன்றாகப் போனதாகச் சொல்வார்கள். வகுப்பிலோ மறுநாள் எல்லோரும் தாத்தா, பாட்டி படம் கொண்டுபோக வேண்டும். நான் அழாத குறை.

மாமா என் முகத்தைப் பார்த்தார். குறும்புக்குப் பேர்போன மனிதர். “ஓம், அவர்தான்” என்றுவிட்டார். ஹவாயில் அலைமேல் பலகையில் நின்று ஓடி, அந்த விளையாட்டை உலகத்துக்கே பழக்கியவராம். நீச்சலில் வென்று வந்தவரையும் நிறத்தைப் பார்த்துச் சாப்பாட்டுக் கடையிலிருந்து திருப்பி அனுப்பினார்களாம்.

“கோவம் வரேல்லையோ?”

“வந்திருக்கும். ஆனா திரும்பத் தண்ணிக்குள்ள இறங்கிட்டார்.”

அம்மப்பா எப்போது ஹவாய் போனார் என்று கேட்க எனக்குத் தோன்றவேயில்லை! மாமா அயன் பண்ணும் பலகையை மடித்துத் தரையில் போட்டு, அலையில் நிற்கப் பழக்கினார்.

மறுநாள் அந்தப் படத்தை வகுப்புக்குக் கொண்டுபோய்க் காட்டி, மேசையில் ஏறி, முழங்காலை மடித்து, கைகளை விரித்து நடித்துக் காட்டினேன். அப்படியொரு கைதட்டல்! படத்தில் இருந்தவர் ஹவாயின் பேர்பெற்ற அலைவீரர் என்று டீச்சருக்கு நன்றாகத் தெரியும். அவரும் தட்டினார், பின்னேரம் அம்மாவுக்குப் போன் எடுத்தார்.

அம்மா மாமாவைப் பிடித்துக்கொண்டார். “உனக்கென்ன விசரோடா? அப்பாவை வைச்சும் பகிடியோ?”

 மாமா பாவம், நான்தான் குறுக்கே பாய்ந்தேன். “அம்மா, அம்மப்பா சோக்கா நிண்டவர்! வீட்டளவு அலை, அதுக்கு மேலயே நிண்டவர்!”

“விழேல்லையோ?” அம்மாவின் குரல் இறங்கிவிட்டது.

“இல்லையே. கரைவரைக்கும் வந்திட்டார்.”

அம்மா அயன் பலகையைத் தானே இழுத்துவந்து தரையில் போட்டார். “எங்க, ஏறி நிண்டு காட்டு.”

காட்டினேன். சிரித்தார், கண்ணைத் துடைத்தார், “இன்னொருக்கா” என்றார். பேச்சு வாங்காமல் தப்பிய சந்தோசப் புளுகத்தில் நானும் திரும்பத் திரும்ப ஏறினேன். ஒவ்வொரு தடவையும் அம்மா இரண்டு கையையும் நீட்டி, “கரைக்கு வாங்கோ அப்பா, கரைக்கு வாங்கோ” என்றார். பொம்பிளைப் பிள்ளையைப் பார்த்து எதற்கு அப்பா என்கிறார் என்று நினைத்து நினைத்துச் சிரித்தேன்.