அர்ணாக்கயிறு

எழுபதுகளின் நடுவில் செங்கல்பட்டில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். காலில் சக்கரம் கட்டினவள் என்று என்னை அம்மா சொல்வாள்; உட்கார்ந்து காபி குடித்த ஞாபகமே எனக்கு இல்லை. பிரசவ வார்டு கேட்டேன். வயசான ஆண்கள் படுத்திருக்கும் வார்டைத் தலையில் கட்டினார்கள். அங்கே யார் சாப்பிடாவிட்டாலும், பேசாவிட்டாலும் டாக்டருக்கு ஒரே பதில்தான்: "வயசாயிடுச்சு, சிஸ்டர்." கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். வயசு ஒரு வியாதியா என்ன?

சதுரங்கப்பட்டினத்து மீனவர் ஒருவர் குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்தார். எழுபதைத் தாண்டினவர். வந்த அன்றே வார்டைக் கலகலக்க வைத்தார். மருந்தைக் கொடுத்தால், "இதுக்குக் கடல் தண்ணியே தேவலாம்" என்பார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. புண் ஆறிக்கொண்டு வந்தது, ஜுரம் இல்லை. ஆனால் மனுஷர் வாயைத் திறக்கவில்லை. கஞ்சியைக் கொண்டுபோனால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். குளுக்கோஸ் ஏற்றக் கையை மட்டும் நீட்டினார். டாக்டர் வழக்கமான பதிலைச் சொல்லிவிட்டுப் போனார். இப்படியே விட்டால் ஆள் போய்விடுவார் என்று எனக்குத் தெரிந்தது. வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன்.

அவரைப் பார்த்துக்கொண்ட மாணவி திருவிடந்தைப் பெண். என்ன நடந்தது என்று அவளைத் துளைத்தெடுத்ததில் அழுதுவிட்டாள்.

"ஆபரேஷனுக்கு முன்னால அர்ணாக்கயிறக் கத்தரிச்சேன் சிஸ்டர். உடம்புல எதுவும் இருக்கக் கூடாதே. அப்பலேர்ந்துதான் இப்படி."

குழந்தையில் இடுப்பில் கட்டுகிற கயிறு அது. பழசாகிப்போனால் புதுசைக் கட்டிவிட்டுத்தான் பழசை அறுப்பார்கள். வெறும் இடுப்பாக விடுவது பிணத்தை மட்டும்தான்.

"உனக்கு இது தெரியாதா?"

"தெரியும் சிஸ்டர். ரூல்னு நீங்கதானே சொன்னீங்க."

யார் மேல் என்று தெரியாமலே கோபம் வந்தது. விறுவிறுவென்று கடைத்தெருவுக்குப் போய்க் கறுப்புக் கயிறு வாங்கி வந்து அவர் முன்னால் நீட்டினேன்.

"பொணத்துக்கு எவனாச்சும் கயிறு கட்டுவானா?" என்றார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் பேசிய முதல் பேச்சு.

"பொணம் இப்படி வாயாடுமா?"

பக்கத்துக் கட்டில்களில் தலைகள் திரும்பின.

"கட்டறதுன்னா அத்த கட்டணும். என் அத்தைங்கல்லாம் மண்ணுக்குப் போயி எம்மாங் காலம் ஆச்சு."

"நான் கட்டறேன். என்னையே அத்தையா வெச்சுக்குங்க."

மேலும் கீழும் பார்த்தார். "என் பொண்ணு வயசுகூட ஆவல ஒனக்கு."

"அதனால என்ன? இடுப்பைக் கொஞ்சம் தூக்குங்க."

தூக்கினார். தையலில் படாமல் தளர்த்திக் கட்டினேன். முடிச்சை விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மூடியபடியே, "கஞ்சி இன்னும் மிச்சம் கீதா, அத்த?" என்றார்.

வாசலில் நின்றிருந்த மாணவி சமையலறைக்கு ஓடினாள். அவர் குடித்து முடிக்கும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன், நான். அதற்கப்புறம் பிரசவ வார்டுக்குக் கூப்பிட்டபோது போகவில்லை. என் உத்தியோகம் முழுக்க வயசானவர்களோடும், அவர்களைப் பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொள்கிற பெண்களோடும்தான் கழிந்தது. அது அவர் ஒருவருக்காக மட்டும் இல்லை.

அன்று நிம்மதியாக எழுந்து கிளம்பினேன். எதிர்க் கட்டிலில் ஒருவர் கையை அசைத்தார். வாரக்கணக்கில் யாரோடும் பேசாதவர். அவருக்கும் டாக்டர் வயசு என்றுதான் சொல்லியிருந்தார். நான் பக்கத்தில் போனதும் போர்வையை மெல்ல விலக்கினார். வெறும் இடுப்பு.

"அத்த," என்றார். "எனக்கும்."

கடையை அடைப்பதற்குள் போய்விட வேண்டுமே என்று செருப்பைத் தேடினேன்.