பிடி

அத்திபெலேயில் லாரி என் ஸ்கூட்டியை இடித்த நாளிலிருந்து, ஹார்ன் சத்தம் கேட்டாலே உறைந்துபோவேன்.

சில வாரம் பேசித் தயார்படுத்திய பிறகு, இன்று பிரேசர் டவுனில் தெரபிஸ்ட் என் கண்முன் இரண்டு விரல்களை இடமும் வலமுமாக ஆட்டினார். அந்த லாரியை நினைத்தபடியே விரல்களைக் கண்ணால் தொடர வேண்டும்.

லாரி நேரே முகத்துக்கு வந்தது. நாற்காலியில் பின்னுக்குச் சாய்ந்தேன்.

அவர் ஆட்டுவதை நிறுத்தி, "பிடி மேடம், பிடி" என்றார்.

கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன், அவருடைய விரல்களை.

சிரித்துவிட்டார். "அய்யோ, நான் கன்னடத்துல சொன்னேன். விட்டுடுங்கன்னு அர்த்தம்!"

விட்டேன். மறுபடி விரல்கள் ஆடின. ஒவ்வொரு சுற்றுக்கும் லாரி தள்ளித் தள்ளிப் போனது. கடைசியில், வேறு யாருக்கோ நடந்ததைத் தூரத்திலிருந்து பார்ப்பதுபோல் இருந்தது. வெறும் இரண்டு விரல்! இன்னும் என்னால் நம்ப முடியவில்லை.

திரும்பும்போது ஆட்டோவுக்குப் பின்னால் ஒரு லாரி அலறியது. நெஞ்சு படபடத்தது, ஆனால் உறையவில்லை. ஆட்டோ டிரைவர்தான் தலையை வெளியே நீட்டித் திட்டிக்கொண்டிருந்தார்.

"பிடி அண்ணா" என்றேன்.

"எதப் புடிக்கணும்க்கா?" என்றார். அவரும் தமிழர், பக்கத்து ஜீவனஹள்ளிக்காரர்.

உங்களுக்கும் ஒரு லாரி இருக்கும்தானே? பிடி. கன்னடத்தில்.