குதிரைத் தொட்டி

பத்து வயதிலேயே நான் ஒரு வீட்டுக்கு வழிகாட்டி ஆகிவிட்டேன். யாரும் என்னை நியமிக்கவில்லை. அப்பாவுக்குக் கோர்வையாகப் பேச வராததால் அந்த வேலை தானாக என் கைக்கு வந்தது.

அதியமான்கோட்டைக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது அந்த வீடு. ஊரில் எல்லோருக்கும் அது 'பெரிய வூடு'. அதில் வாழ்ந்த, ஊர் நிலமெல்லாம் வைத்திருந்த மிட்டாதார் குடும்பம் எப்போதோ பெங்களூருக்குப் போய்விட்டது. அப்பா காவல்காரர், அம்மா பெருக்கித் துடைப்பவள், பின்கட்டில் ஓர் அறையில் நாங்கள் மூவரும். தேய்பிறை அஷ்டமிக்கு பைரவர் கோயிலில் பூசணிக்காய் விளக்குப் போட வருகிறவர்களும், ஒகேனக்கல் போகிற வழியில் வண்டியை நிறுத்துகிறவர்களும் வீட்டைப் பார்க்க வருவார்கள். அப்பா கதவைத் திறந்துவிட்டு, "இது தூணுங்க, இது ஊஞ்சலுங்க" என்பார். அவ்வளவுதான். தூணைத் தூண் என்று சொல்ல ஓர் ஆளா என்பதுபோல் வந்தவர்கள் பார்ப்பார்கள். எனக்கு மானம் போகும்.

அதனால் நான் ஆரம்பித்தேன். ஊஞ்சலில் ராணி ஆடினாள். தூணுக்குள் தங்கம் இருந்தது. எந்த ராணி என்று கேட்டால், "அந்தக் காலத்து ராணிங்க" என்று அடித்துச் சொல்வேன். ஆனாலும் என் கதைகளில் உசத்தியானது கொல்லைப்புறத்துக் கல் தொட்டிதான். நீளமாக, ஒரே கல்லில் குடைந்தது. விளிம்பில் ஏழெட்டு இடங்களில் கல் வழுவழுவென்று குழிந்திருக்கும். அந்த விளிம்பில் ஏறி நின்றுகொண்டுதான் ராஜாவின் குதிரை தண்ணீர் குடித்த கதையைச் சொல்வேன். தொட்டி என் முழங்கால் உயரம்கூட இல்லை. ஒருமுறை ஒரு லாரி டிரைவர், "ஏம்மா, குதிரை மண்டி போட்டா குடிச்சுது?" என்று கேட்டார். "அந்தக் காலத்துக் குதிரைங்க குள்ளமுங்க" என்றேன்.

நான் ஏறி நிற்கும்போதெல்லாம் அம்மா எங்கிருந்தாவது, "எறங்கு பாப்பா" என்பாள். நான் இறங்கமாட்டேன்.

ஒருநாள் வீட்டுக்காரர் பெங்களூரிலிருந்து வருவதாகச் செய்தி வந்தது. வீட்டை ஒரு ஓட்டல் கம்பெனி கேட்கிறதாம். அவருக்கு வீடு இப்படியே இருப்பது பிடித்தால் விடமாட்டாராம். பிடிக்காவிட்டால் கம்பெனிக்குத்தான், அவர்கள் தங்கள் ஆட்களோடு வருவார்கள். அப்பாவின் வேலையும் போகும், எங்கள் அறையும் போகும். அப்பா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. "நீயே எல்லாத்தையும் சொல்லிடு கண்ணு" என்றார் என்னிடம். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா மட்டும் விடிந்ததும் கொல்லைக்குப் போய், யாரும் சொல்லாமலே அந்தத் தொட்டியைத் தேய்த்துக் கழுவினாள்.

வீட்டுக்காரரோடு அவருடைய அக்காவும் வந்திருந்தார். தலை நரைத்தவர், அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். தம்பிதான் சின்ன வயதிலேயே படிக்கப் பெங்களூர் போய்விட்டவர். நான் ஊஞ்சல் ராணியைப் பற்றிச் சொன்னபோது, "அந்த ராணி எங்க அத்தைதான், நாள் முழுக்க வெத்தலை மென்னுக்கிட்டு ஆடுவாங்க" என்று சிரித்தார். வீட்டுக்காரரும் சிரித்தார். பாதி ஜெயித்துவிட்டேன் என்று தெரிந்தது.

கொல்லைப்புறத்தில் தொட்டிமேல் ஏறினேன். "ராஜா படையோட வந்தப்ப அவரு குதிரை இதுலதாங்க தண்ணி குடிச்சுச்சு. கழுத்தை வெச்சு வெச்சு தேஞ்ச எடம் பாருங்க!"

வீட்டுக்காரர் கேமராவை எடுத்துவிட்டார். அக்காவின் சிரிப்புதான் நின்றுபோனது.

"குதிரையா? இந்த வூட்ல ஏது குதிரை? இது வந்து..." என்று இழுத்தவர், கொல்லைக் கதவருகே துடைப்பத்தோடு நின்ற அம்மாவைப் பார்த்தார்.

"என்னக்கா?" என்றார் தம்பி.

அப்பா தரையைப் பார்த்தார். பெரிய வீட்டு மனிதர்கள் முன்னால் வாயே திறக்காத அம்மா அப்போது பேசினாள்.

"குதிரைத் தொட்டிதானுங்கம்மா. பாப்பா சொன்னது சரிதானுங்க."

அக்கா, "ஆமாண்டா, குதிரைக்குத்தான்" என்றார் தம்பியிடம். நேராகக் காருக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். அவருக்காக வெட்டி வைத்த இளநீரைத் தொடவேயில்லை.

வேலை நிலைத்தது. அறையும் நிலைத்தது. அடுத்த மாதமே 'குதிரைத் தொட்டி' என்று எழுதிய பலகை வந்து நின்றது. ஒரு வாரத்துக்கு என்னை யாராலும் தாங்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார்களுக்குக்கூட நான்தான் வரலாறு சொன்னேன்.

கல்லூரியில் படிக்கும்போது, ஒரு விடுமுறையில், களி கிண்டிக்கொண்டிருந்த அம்மாவைச் சீண்டினேன். "குதிரையே இல்லாத வூட்டுக்குக் குதிரைத் தொட்டின்னு ஏம்மா சாட்சி சொன்ன?"

அம்மா துடுப்பை நிறுத்தவில்லை. "களத்துல வேலை செஞ்சவங்களுக்கு அதுலதான் கூழு ஊத்துவாங்க. சுத்தியும் குந்திக்கிட்டு, ஒரு கையை ஊனிக்கிட்டு, கொட்டாங்குச்சியில மொண்டு குடிக்கணும். கையி ஊனி ஊனித்தான் கல்லு தேஞ்சுது. எங்கம்மா குடிச்சுது. உன் வயசுல நானும் குடிச்சேன், அன்னிக்கு வந்த அந்தம்மா பாத்திருக்குது. அதை அத்தினி பேருக்கு முன்னால, எம் பொண்ணு காதுபட அது சொல்லணுமா? குதிரைக்குன்னே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. அம்மாவுக்கு வரவில்லை. களி பதம் தப்பிவிடும் என்று என்னை நகரச் சொன்னாள்.

இப்போது நான் மாரண்டஹள்ளியில் ஆசிரியை. வருடம் ஒருமுறை பிள்ளைகளை அந்த வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன். பழைய பலகை இப்போது இல்லை. வீட்டுக்காரரிடம் பேசி அதை மாற்ற வைத்தது நான்தான், அம்மாவிடம் கேட்டுவிட்டு. 'கூழ்த் தொட்டி' என்று எழுதியிருக்கிறது. யாருக்கு ஊற்றிய கூழ் என்று நான் சத்தமாகவே சொல்கிறேன். பிள்ளைகள் யாராவது கை ஊன்றித் தேய்ந்த அந்த விளிம்பில் ஏறினால், "எறங்கு" என்று என்னையறியாமல் வாயில் வருகிறது. நான் விழுந்துவிடுவேன் என்று பயந்துதான் அம்மா அப்படிச் சொல்கிறாள் என்று அந்த வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன்.