தேஸ்னிமாரின் அவசரக் கறுப்பு

தேஸ்னிமார் கிண்டிய ரெண்டாங் இறைச்சிக் கறியைக் குறை சொன்னவர்கள் பாயகும்புப் பக்கத்தில் ஒருவர்கூட இல்லை. தேஸ்னிமாரைக் குறை சொன்னவர்கள் நிறையப் பேர். வாய் நீளம், தலைக்கனம், பாராட்டு எங்கே கிடைக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு அலைகிறவள். இதெல்லாம் அவள் காதுக்கும் வரும். வந்தால் சிரித்துக்கொள்வாள். கறியைத் தின்ற வாய் எத்தனை நாளைக்குத் திட்டும் என்பது அவள் கணக்கு.

ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. லாரி ஓட்டிய புருஷன் மேடான் நகரத்துக்குப் போக ஆரம்பித்து, மாதம் ஒரு முறை வந்து, வருஷம் ஒரு முறை வந்து, பிறகு வரவே இல்லை. எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான் என்பதால் அவளை யாரும் தெருவில் நிறுத்தவில்லை. இருபது வயதில் விருந்து வீடுகளின் அடுப்படிக்குப் போனாள். முதல் வேலை விறகைத் தள்ளுவதும் இழுப்பதும். பானைப் பக்கம் போகவே நான்கு வருஷம் ஆயிற்று. ஐம்பத்திரண்டு வயதில், அவள் வராவிட்டால் கல்யாணத் தேதியையே தள்ளி வைக்கிற அளவுக்கு வந்திருந்தாள்.

அவளுடைய வித்தை ஒரே வரிதான். "தண்ணி போகட்டும், நிறம் தானா வரும்" என்பாள். தேங்காய்ப்பாலில் தண்ணீர் இருக்கிறவரை பானை என்னதான் கொதித்தாலும் சூடு ஒரு மட்டத்துக்கு மேல் ஏறாது. கறி வேகும், வெளுத்தே இருக்கும். மூன்று மணி நேரத்தில் பால் சுண்டி, எண்ணெய் பிரிந்து, இளம்பழுப்பாகக் காலியோ என்ற பதத்துக்கு வரும். நகரத்துக் கடைகளில் பாதிப் பேர் அதையே ரெண்டாங் என்று விற்றுவிடுவார்கள். அதற்கு மேல்தான் வேலையே இருக்கிறது. தண்ணீர் போன பிறகு அந்த எண்ணெயில் சூடு ஏறும். தேங்காயின் இனிப்பும் இறைச்சியின் சத்தும் கூடி மெல்ல மெல்லக் கறுக்கும். இன்னும் நான்கு மணி நேரம் சின்னத் தீயில், கரண்டியை ஓயவிடாமல் கிண்ட வேண்டும். அப்படிக் கறுத்தது ஒரு மாதம் வெளியில் கிடந்தாலும் கெடாது. கறுப்பு அழகுக்காக அல்ல, உள்ளே ஈரம் இல்லை என்பதற்கு அது சாட்சி. பொய்ச்சாட்சி சொல்ல முடியும் என்று அதுவரை அவளுக்கே தோன்றியதில்லை.

பக்கத்து வீட்டு யுஸ்லினார் அவளைவிட மூன்று வயது மூத்தவள். தேஸ்னிமார் அவளை உனி என்று, அக்கா முறை வைத்துத்தான் கூப்பிடுவாள். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற மனசு. அவளும் கணவர் சுல்பஹ்ரியும் ஹஜ் யாத்திரைக்குப் பேர் கொடுத்துவிட்டுப் பத்தொன்பது வருஷம் காத்திருந்தார்கள். முறை வர இன்னும் மூன்று வருஷம் இருக்கும்போது அவர் இறந்துபோனார். இப்போது யுஸ்லினார் ஊர்க் குழுவோடு தனியாகப் புறப்படுகிறாள்.

"மூணு கிலோ போதும் தேஸ். அந்த ஊர்ச் சாப்பாடு எனக்கு இறங்காது. நாற்பது நாளைக்குத் தாங்கணும்" என்று இரண்டு மாதம் முன்பே வந்து கேட்டாள்.

"நாற்பது நாளா? திரும்பி வந்து மிச்சத்தை எனக்கே பரிமாறுவீங்க பாருங்க உனி" என்றாள் தேஸ்னிமார்.

புறப்படுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஐந்து மணிக்குள் பெட்டிகளை ஊர் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். காலை ஆறு மணிக்கு அடுப்பை மூட்டினால் மதியத்தோடு கறுத்துவிடும். ஆனால் அன்றைக்கே அடுத்த ஊரில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். "நீங்க கிண்ட வேண்டாம், சும்மா வந்து பானையை ஒரு பார்வை பார்த்துட்டுப் போங்க" என்று கூப்பிட்டிருந்தார்கள். பானையைப் பார்ப்பதைவிட, பார்க்கிறவளை நாலு பேர் பார்ப்பது அவளுக்கு முக்கியமாகப் பட்டது. விடியும்போது போனாள். எட்டு மணிக்குத் திரும்ப வேண்டியவள், ஆளாளுக்குப் புகழ்ந்ததில் பதினொன்றரைக்குத் திரும்பினாள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். வழியில் மழை பிடித்துக்கொண்டது. பின்பக்கம் அடுக்கி வைத்திருந்த விறகு முழுவதும் நனைந்து கிடந்தது.

மூன்று மணிக்குப் பானையில் இருந்தது காலியோ. அழகான, எண்ணெய் மினுக்குகிற, இளம்பழுப்பு. தேஸ்னிமார் தென்னமட்டையைத் திணித்துத் தீயைக் கூட்டினாள். அடியில் கருகல் வாசம் வந்தது. தன் கீழ் வேலை செய்கிற பெண் யாராவது இப்படித் தீய விட்டிருந்தால் கரண்டியாலேயே அடித்திருப்பாள். அலறியடித்துக்கொண்டு கறியை வேறு பானைக்கு மாற்றினாள். மணி மூன்றரை.

அலமாரியில் வுலான்டாரியின் புட்டி இருந்தது.

வுலான்டாரி அவள் மருமகள், ஜாவாக்காரி. மகன் பெக்கன்பாருவில் வேலை பார்க்கிறான். பிரசவத்துக்கு இருக்கட்டும் என்று ஏழாம் மாதத்தில் மனைவியைக் கொண்டுவந்து விட்டிருந்தான். கறுத்த இனிப்புச் சோயா சாஸ் இல்லாமல் அந்தப் பெண்ணுக்குச் சோறு இறங்காது. போன வாரம் ஒரு விருந்தில் பத்துப் பெண்கள் நடுவில் தேஸ்னிமார் அவளைப் பிடித்துக்கொண்டாள். "எங்க ஊர்ல கறுப்பு அடுப்புல இருந்து வரும். உங்க ஊர்ல புட்டியில இருந்து வருதாக்கும்?" எல்லோரும் சிரித்தார்கள். வுலான்டாரியும் சிரித்துவிட்டுத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

அந்தப் புட்டியை எடுத்து மூன்று கரண்டி ஊற்றினாள் தேஸ்னிமார். இரண்டு கிளறு. கறி கறுத்துவிட்டது. பளபளவென்று, நான்கு மணி நேரம் கிண்டினால் வருவதைவிட ஒரு படி மேலாகவே. திரும்பினால் வாசற்படியில் துவைத்த துணியோடு வுலான்டாரி நின்றிருந்தாள். துணியை வைத்துவிட்டு வந்து, புட்டியின் வாயைத் துடைத்து, மூடியைத் திருகி, பழைய இடத்திலேயே வைத்தாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேஸ்னிமாருக்கு அவ்வளவு எரிந்திருக்காது.

நாலேகாலுக்கு யுஸ்லினார் டப்பாவோடு வந்தாள். மூடியைத் திறந்து பார்த்து, "என்ன கறுப்பு! உன் கைக்கு வளையல் போடணும்டி" என்றாள். பிறகு யாத்திரை போகிறவர்கள் வழக்கப்படி தேஸ்னிமாரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "தெரிஞ்சும் தெரியாமலும் நான் செஞ்சதையெல்லாம் மன்னிச்சுடு தேஸ். நானும் எல்லாரையும் மன்னிச்சுட்டுத்தான் போறேன்."

'வாரம் ஒன்றுக்குள் தின்றுவிடுங்கள், இது காய்ந்த கறி இல்லை' என்று சொன்னால் போதும். ஆனால் அதைச் சொல்ல, ஏன் காயவில்லை என்றும் சொல்ல வேண்டும். "சூடு ஆறினப்புறம் மூடுங்க உனி" என்று மட்டும் சொன்னாள்.

அந்த நாற்பது நாளும் போன் சிணுங்கும்போதெல்லாம் அவள் கறியைப் பற்றி ஏதாவது வந்ததா என்றுதான் முதலில் தேடினாள். யுஸ்லினார் படம் அனுப்புவாள், தொழுகை பற்றி எழுதுவாள், கறியைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சரிதான். முழங்கால் வலி என்று சொல்லி இரண்டு விருந்துகளைத் தேஸ்னிமார் தட்டிக் கழித்தாள். வாழ்நாளில் முதல் தடவை.

யுஸ்லினார் திரும்பி வந்த மூன்றாம் நாள், போகாமல் இருந்தால் ஊர் என்ன நினைக்குமோ என்று மருமகளையும் கூட்டிக்கொண்டு போனாள். கூடம் நிறையப் பெண்கள். பேரீச்சம்பழம், சின்னச் சின்னக் கிண்ணத்தில் மக்காவிலிருந்து வந்த புனித ஜம்ஜம் தண்ணீர். தேஸ்னிமார் கதவோரமாக உட்கார்ந்தாள். அப்படியும் ஒருத்தி விடவில்லை.

"மக்கா வரைக்கும் போன நம்ம தேஸ் ரெண்டாங் எப்படி இருந்துச்சு ஹாஜா?" ஹஜ் முடித்து வந்தவள் இனி ஊருக்கு ஹாஜா.

யுஸ்லினாரின் முகம் சுருங்கியது. "ஒன்பதாம் நாள் பூசணம் பூத்துடுச்சு" என்றாள். "எங்க அறையில நாலு பேர் ரெண்டாங் கொண்டு வந்திருந்தாங்க. மூணு பேருடையது நல்லா இருந்துச்சு. என்னுடையது மட்டும்."

அங்கே இருந்த ஒருத்தியும் தேஸ்னிமாரைச் சந்தேகப்படவில்லை. அந்தப் புனித ஊரில் செருப்புத் தொலைந்தால்கூட, நாம் யாருக்கு என்ன கெடுதல் செய்தோம் என்றுதான் எங்கள் ஆட்கள் யோசிப்பார்கள். யுஸ்லினாரும் அதைத்தான் யோசித்திருந்தாள்.

எழுந்து வந்து தேஸ்னிமாரின் முன்னால் மண்டியிட்டாள். "யோசிச்சு யோசிச்சுக் கடைசில கண்டுபிடிச்சேன் தேஸ். பல வருஷம் முன்னாடி, நீ கல்யாண வீட்டுலேருந்து கறித்துண்டை முந்தானையில மறைச்சு எடுத்துட்டுப் போறன்னு நான் ஒருத்திகிட்ட சொல்லிட்டேன். அதான் உன் கைபட்ட கறி என் கையில கெட்டுப்போச்சு. மன்னிச்சேன்னு சொல்லு."

அந்தக் கறித்துண்டு விஷயமும் பொய் இல்லை. அந்த வருஷம் தேஸ்னிமாரின் வீட்டில் அடுப்பு எரியாத நாட்கள் இருந்தன.

இருபது ஜோடிக் கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன. "மன்னிச்சுட்டேன் உனி" என்றாள் தேஸ்னிமார்.

"எவ்வளவு பெரிய மனசு பாரு" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யாரோ அவள் கையில் ஒரு கிண்ணம் ஜம்ஜம் தண்ணீரைத் திணித்தார்கள். அதைக் குடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை. புகழுக்காகக் காதைத் தீட்டியவளுக்கு அன்று கிடைத்த புகழ், உடம்பெல்லாம் புழு ஊர்வது போல இருந்தது.

தலைவலி என்று சொல்லிக் கிளம்பினாள். வேலி தாண்டியதும் வுலான்டாரி மெதுவாகச் சொன்னாள். "அமாக், நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். கவலைப்படாதீங்க."

புருஷன் தன் அம்மாவைக் கூப்பிடுவது போலவே மாமியாரை அமாக் என்றுதான் அந்தப் பெண்ணும் கூப்பிடுவாள். அவள் குரலில் குத்தல் இல்லை. நிஜமாகவே காப்பாற்றுவதாக நினைத்துத்தான் சொன்னாள். தன் மானம், பத்துப் பேர் நடுவில் தான் சிரிப்புக்கு விட்ட இந்தப் பெண்ணின் தயவில் நிற்கிறது என்று தேஸ்னிமாருக்கு அப்போதுதான் உறைத்தது.

"நீ சொல்ல வேண்டாம்மா. நானே சொல்றேன்" என்று வந்த வழியே திரும்பினாள்.

கூடத்தில் யாரும் கலைந்திருக்கவில்லை. நின்றுகொண்டே சொன்னாள். உட்கார்ந்தால் பேச்சு வராது என்று பயந்தாள். "உனி, உங்க மேல தப்பு இல்ல. அது ரெண்டாங்கே இல்ல. காலியோ. காலையில நான் கல்யாண வீட்டுக்குப் போய்ப் பெருமை அடிச்சுட்டு லேட்டா வந்தேன். வுலானோட சோயாவை ஊத்திக் கறுக்க வெச்சேன். தண்ணி உள்ளயே இருந்துச்சு. பூசணம் வராம என்ன பண்ணும்?"

"சோயாவா?" என்று ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டு, மற்றவர்களைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

யுஸ்லினாருக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. "அப்ப... நான் ஒண்ணும் பண்ணலையா?"

"நீங்க ஒண்ணும் பண்ணல உனி."

"ஒண்ணுமே?"

தேஸ்னிமார் தலையசைத்தாள். யுஸ்லினார் மடியில் இருந்த பேரீச்சங்கொட்டையை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"எங்க வீட்டுக்காரருக்காகக் கேக்கணும்னுதான் போனேன்" என்றாள் யுஸ்லினார் கடைசியில். "என்கூடப் பத்தொன்பது வருஷம் காத்திருந்தவர். அவர் பேரைச் சொல்லித்தான் முதல் துஆ கேக்கணும்னு மனசுல எழுதி வெச்சிருந்தேன். அரஃபா மைதானத்துல நின்னு கேக்கற பெரிய நாளுக்கு ரெண்டு நாள் முன்னாடி டப்பாவைத் திறந்தேன். அன்னிலேருந்து என் வாயில ஒரே வார்த்தைதான். என் பாவத்தை மன்னி, என் பாவத்தை மன்னி. அந்த மைதானத்துல சாயங்காலம் வரைக்கும் அதையேதான் அழுதேன். அவர் பேரை ஒரு தடவைகூடச் சொல்லல தேஸ்."

தேஸ்னிமார் அப்படியே தரையில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சுடுங்க உனி. என்னை மன்னிச்சுடுங்க."

யுஸ்லினார் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

"என்கிட்ட ஏன் கேக்கற?" என்றாள். "அவர்கிட்ட கேளு."